உரமும் மருந்தும் சொல்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

உரக்கடை நடத்துவதற்கு எதற்குப் பட்டயப் படிப்பு? பல வருடமாகப் பூச்சிமருந்து விற்று வந்தவரை 12 வாரம் வகுப்பில் உட்காரச் சொல்வது ஏன்? மகளிர் குழுவில் இருக்கும் பெண்ணுக்கு 56 நாள் வேளாண் பயிற்சி கொடுத்து ‘கிருஷி சகி’ என்று சான்றிதழ் தருகிறார்களே, அவர் வேளாண் அலுவலருக்குப் பதிலாளா? திட்டங்களின் பெயர்கள் பெருகப் பெருக இந்தக் கேள்விகளும் பெருகுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு வயலிலோ விளையிலோ (வீட்டோடு சேர்ந்த கலப்புத் தோட்டத்திலோ) எதைப் போடலாம், எதைத் தெளிக்கலாம் என்று சொல்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பயிரைத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நிலத்தின் தண்ணீர் அடுத்து எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். உரம் ஒரு பாடம், பூச்சி ஒரு பாடம், மண்ணும் நீரும் இன்னொரு பாடம் என்று தனித்தனியாக நடத்தும் பயிற்சி குமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. காரணத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஆலோசகர் என்பவர் யார்?

அரசுத் தரப்பில் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளின் உதவி அலுவலர்கள் இருக்கிறார்கள். திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். ரப்பருக்கு ரப்பர் வாரியத்தின் கள அலுவலர்கள்.

ஆனால் இலையில் புள்ளி கண்டதும் விவசாயி முதலில் போய் நிற்கும் இடம் உரக்கடைதான். அது பக்கத்தில் இருக்கிறது, மாலையிலும் திறந்திருக்கிறது, கடனும் கிடைக்கிறது. பறித்த இலையைக் கடைப் பலகையில் வைத்து “இதுக்கு என்ன அடிக்கலாம்?” என்று கேட்பதில் ஆலோசனை தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கே மருந்து அடிப்பது முடிவாகிவிட்டது. எந்த மருந்து என்பதுதான் பாக்கி. நல்ல ஆலோசகர் அந்தக் கேள்வியை ஒரு படி பின்னுக்கு இழுத்து, அடிக்க வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குவார். அதற்கான அறிவையும் துணிவையும் கொடுப்பதுதான் பயிற்சியின் முதல் வேலை.

மூன்று சொற்கள்

1. ஊட்டச்சத்து மேலாண்மை: பயிருக்கு எந்தச் சத்து, எந்த உரத்தின் வழியாக, எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் என்று தீர்மானிப்பது. தொழுவுரம், பசுந்தாள், மண்ணில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் கணக்கில் வரும்.

2. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை: பூச்சி, நோய், களை மூன்றையும் கண்காணித்து, இழப்பு செலவைத் தாண்டும்போது மட்டும் தலையிடுவது. தாங்கும் ரகம், சாகுபடி முறை, இயற்கை எதிரிகள் எல்லாம் முதலில், ரசாயனம் கடைசியில்.

3. நிலப் பாதுகாப்புத் திட்டம்: ஒரு பண்ணையின் மண், நீர், மரம், உயிரினம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் பார்த்து, அரிப்பையும் மாசையும் குறைக்கும் வேலைகளை எழுத்தில் வகுப்பது.

மூன்றாவது சொல் நம்மூரில் வரப்பு, சரிவுத் தடுப்பு, பண்ணைக்குட்டை என்ற அளவில்தான் புழங்குகிறது. உரமும் மருந்தும் அதற்குள் வருவதில்லை. அமெரிக்காவில் வேளாண் துறையின் கீழுள்ள இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை அமைப்பு இவற்றை ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதன் நடைமுறைத் தரங்களில் 590 என்ற எண் ஊட்டச்சத்து மேலாண்மைக்கு, 595 பூச்சி மேலாண்மைக்கு. அரசு ஊழியரல்லாதவர்களும் பயிற்சி பெற்று, ‘தொழில்நுட்பச் சேவை வழங்குநர்’ என்று பதிவுசெய்து, விவசாயிக்கு இந்தத் திட்டங்களை எழுதித் தரலாம். அவருக்குக் கூலி திட்டம் எழுதுவதற்கு. மூட்டையும் பாட்டிலும் விற்பதற்கு அல்ல. இந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே பண்ணை நூற்றுக்கணக்கான ஏக்கர், இங்கே விளை சென்ட் கணக்கில். ஆனால் எடுத்துக்கொள்ளத் தகுந்த கருத்து ஒன்று அதில் இருக்கிறது: உரத்துக்கும் மருந்துக்கும் கொடுக்கும் பரிந்துரையே ஒரு நீர்ப் பாதுகாப்பு ஆவணம்.

ஏன் தனித்தனியாகப் படிக்க முடியாது: நெல் வயலில் ஒரு சங்கிலி

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல். அந்த வயலில் நடக்கும் ஒரு தொடர் நிகழ்ச்சியைப் பார்த்தால் உரம், பூச்சி, தண்ணீர் மூன்றும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது விளங்கும்.

1. மானிய விலையில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மற்ற உரங்களோடு ஒப்பிட்டால் மிக மலிவு. பயிர் கறுத்துப் பச்சையாக நின்றால் மனதுக்கும் திருப்தி. ஆகவே தேவைக்கு மேல் விழுகிறது.

2. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த பயிரின் சாறு புகையான் பூச்சிக்கு நல்ல தீனி. அது கூடுதலாக முட்டையிடும். குஞ்சுகள் பிழைப்பதும் கூடும். நெருங்கி நிற்கும் தூர்களின் அடியில் காற்றும் வெயிலும் புகாத ஈர நிழல் அதற்கு வசதி.

3. இதற்கிடையில் இலைச்சுருட்டுப்புழு கண்ணில் படுகிறது. வெளுத்த இலை தூரத்திலிருந்தே தெரிவதால் பயம் வருகிறது. இளம் பயிர் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். ஆனாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்து அடிக்கப்படுகிறது.

4. அந்த மருந்தில் சிலந்திகளும், புகையான் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் சாகின்றன. புகையானின் முட்டை இலையுறைத் திசுவுக்குள் செருகப்பட்டிருப்பதால் தப்பிவிடுகிறது.

5. குஞ்சு பொரிக்கும்போது தின்ன ஆளில்லை. சில வாரத்தில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்தது போல் காய்கிறது.

6. மறுபடி மருந்து. மழை பெய்தாலோ, தண்ணீரைத் திறந்துவிட்டாலோ, மருந்தும் கரைந்த தழைச்சத்தும் வடிமடை வழியாக ஓடைக்கும் குளத்துக்கும் போகின்றன.

இந்தச் சங்கிலியில் உர ஆலோசகர் தன் பாடத்தை மட்டும் பார்த்தால் பயிர் நன்றாகத்தான் இருக்கிறது. பூச்சி ஆலோசகருக்கு ஐந்தாவது கட்டத்தில்தான் வேலை வருகிறது. குளத்தைப் பார்க்க யாரும் இல்லை. முதல் கட்டத்திலேயே யூரியாவைப் பிரித்து அளவாகப் போடச் சொல்லியிருந்தால் இரண்டு தெளிப்புச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஆசிய அளவில் இது நடந்து பார்த்த பாடம். புகையானால் நெல் அழிந்த இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989-இல் அங்கேதான் உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பயிற்சி முறை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பின் துணையுடன் தொடங்கியது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

குமரியின் நிலத்தை வாசிப்பது

சிறிய மாவட்டம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடல் வரை சில மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்துக்குள் மூன்று விதமான நிலம் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளுக்கு எழுதிய பரிந்துரையை இங்கே அப்படியே ஒப்பிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

*மலையும் மலையடிவாரமும்.* ரப்பர், கிராம்பு, நல்லமிளகு. சரிவு அதிகம், மழை அதிகம், மண் அமிலத் தன்மையுள்ள செம்புறை மண். இங்கே முக்கிய ஆபத்து மண்ணோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படும் பொருட்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இந்த மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுக ஒட்டிக்கொள்ளும். நீரில் அதிகம் கரையாது. மண் அரித்தால் அதோடு போகும். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளும் மண் துகளில் ஒட்டிப் பயணிப்பவை. ஆகவே இங்கே உர ஆலோசனை என்பது பாதிக்கு மேல் அரிப்புத் தடுப்பு ஆலோசனை: சமமட்ட நடவு, நீர்க்குழிகள், புரேரியா அல்லது முக்குனா போன்ற பயறுவகை மூடுபயிர். மூடுபயிர் மண்ணையும் பிடிக்கும், தழைச்சத்தையும் சேர்க்கும், களைக்கொல்லிச் செலவையும் குறைக்கும்.

ரப்பரில் இன்னொரு சங்கதி. மழைக்காலத்தில் வரும் இலையுதிர்வு நோயைத் தடுக்க மழைக்கு முன் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வழக்கம், தேவையும்கூட. ஆனால் தாமிரம் ஒரு உலோகம். மற்ற மருந்துகளைப் போல மட்கி மறையாது, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஓடையோரத்து மரங்களுக்குத் தெளிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து தேனீ. மார்த்தாண்டம் பகுதியின் தேன் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தை நம்பியது. ஆண்டின் தொடக்கத்தில் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனைத்தான் தேனீ சேகரிக்கிறது. ரப்பருக்குள் ஊடுபயிராக வாழையோ, பக்கத்து விளையில் காய்கறியோ இருந்தால், அந்த மாதங்களில் அதற்கு இமிடாகுளோபிரிட் போன்ற தேனீக்கு நஞ்சான மருந்தைச் சொல்லும் முன் சுற்றிலும் பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி எந்தப் பாடநூலின் நெல் அத்தியாயத்திலும் வராது. உள்ளூரை அறிந்த பயிற்றுநர்தான் சொல்லித் தர முடியும்.

*இடைநிலம், அதாவது விளைகள்.* தென்னை, வாழை, மரச்சீனி, மா, பலா எல்லாம் கலந்து நிற்கும் வீட்டுத் தோட்டங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் இதுதான் பொதுக் காட்சி. பெரும்பாலும் வீட்டுக் கிணறும் அதே விளைக்குள். உரம், மருந்து பற்றிய எந்த ஆலோசனையும் குடிநீர் பற்றிய ஆலோசனையாகவும் ஆகிவிடுகிறது.

*நாஞ்சில் வயல்களும் கடற்கரை மணலும்.* பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கோதையாற்றுப் பாசனக் கால்வாய்கள் வழியாக வந்து, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கும், வயலிலிருந்து குளத்துக்கும், அங்கிருந்து இன்னொரு ஏலாவுக்கும் (வயல் தொகுதிக்கும்) பாய்கிறது. ஒருவர் வடித்த நீர் இன்னொருவரின் பாசனம். கடைசியில் பழையாறு மணக்குடிக் காயலில் கலக்கிறது. இந்தப் பாதையில்தான் சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம் என்பதால் கிடைத்த தகுதி. அந்தப் பறவைகளின் உணவு நீர்ப்பூச்சியும் நத்தையும் மீனும். வயலின் மருந்து முதலில் தொடுவது அவற்றைத்தான்.

கடற்கரையோர மணலில் நிலைமை தலைகீழ். அரிப்பு குறைவு, ஆனால் நீரில் கரையும் எதுவும் நிற்காமல் கீழே இறங்கிவிடும். யூரியாவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டும், எளிதில் கரையும் மருந்துகளும் கிணற்று நீரைத் தொடும். மலையில் மணிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அதே ஆலோசகர் இங்கே தழைச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஒரே தென்னைக்கு ஒரே அளவு உரத்தை, இங்கே இரண்டு தவணைக்குப் பதில் மூன்று நான்காகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

மண் பரிசோதனை அட்டையைப் படிக்கத் தெரிவது

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அட்டையில் 12 அளவீடுகள்: கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் கணக்கு. 20 சென்ட் விளைகள் நிறைந்த ஊரில் அந்த 2.5 ஹெக்டேருக்குள் எத்தனை பேரின் நிலம் அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே ஆலோசகர் சொந்தமாக மாதிரி எடுக்கவும் எடுக்கச் சொல்லித் தரவும் தெரிந்திருக்க வேண்டும்.

நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் குழி வெட்டி, குழியின் ஓரத்தைச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். தென்னை போன்ற மரப்பயிருக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் என்று மூன்று ஆழத்தில் தனித்தனி மாதிரி. எருக்குழி, வரப்போரம், மர நிழல் ஆகாது. எடுத்ததைக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ.

அட்டை வந்தபின் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களை நான் வலியுறுத்துவேன்.

முதலாவது, மணிச்சத்தை எந்த முறையில் அளந்தார்கள் என்பது. நடுநிலை, காரத் தன்மையுள்ள மண்ணுக்கு ஒல்சன் முறை. அமில மண்ணுக்கு பிரே முறை. குமரியின் மேட்டு நிலம் பெரும்பாலும் அமில மண். காரமண்ணுக்கான முறையில் அளந்த எண்ணை வைத்து அமில மண்ணுக்குப் பரிந்துரை எழுதினால் அடித்தளமே ஆட்டம் காணும். பயிற்சி பெற்றவர் ஆய்வகத்தில் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. கார அமிலத் தன்மையைக் காட்டும் எண் (pH) 5.5-க்குக் கீழே போனால், அதாவது அமிலம் கூடினால், அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். போட்ட மணிச்சத்தும் பூட்டிக்கொள்ளும். அங்கே சுண்ணாம்பு இடாமல் உரத்தைக் கூட்டுவது வீண் செலவு. சரி, அப்படியானால் எல்லா அமில மண்ணுக்கும் சுண்ணாம்பா? இல்லை. நெல் வயலில் தண்ணீர் கட்டினால் சில வாரத்தில் அமிலத் தன்மை தானே குறைந்து நடுநிலையை நெருங்கும். ரப்பர் அமில மண்ணைத் தாங்கும் மரம். வாழைக்கும் காய்கறிக்கும்தான் சுண்ணாம்பு உடனே கைகொடுக்கும். ஒரே அட்டை, ஒரே எண், ஆனால் பயிருக்குப் பயிர் வேறு பதில்.

கணக்கு: ஒரு தென்னை மரம்

நெட்டைத் தென்னைக்கு வருடத்துக்குப் பரிந்துரை தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 1200 கிராம். இதை மூட்டைக் கணக்காக மாற்றுவது ஆலோசகரின் அன்றாட வேலை.

- யூரியாவில் தழை 46 சதவீதம். 560 கிராமுக்குச் சுமார் 1.2 கிலோ.
- சூப்பர் பாஸ்பேட்டில் மணி 16 சதவீதம். 320 கிராமுக்கு 2 கிலோ.
- பொட்டாஷில் சாம்பல் 60 சதவீதம். 1200 கிராமுக்கு 2 கிலோ.

இப்போது கடையில் பொட்டாஷ் இல்லை, “17:17:17 போடுங்க, எல்லாம் இருக்கு” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தழை, மணி, சாம்பல் மூன்றும் 17 சதவீதம் வீதம் உள்ள கலப்பு உரம் அது. சாம்பல்சத்துத் தேவையை அதை வைத்தே நிறைவேற்றினால் மரத்துக்கு 7 கிலோ வேண்டும். அப்போது தழைச்சத்து தேவையைப் போல் இரு மடங்குக்கு மேல், மணிச்சத்து ஏறக்குறைய நான்கு மடங்கு விழும். மணிச்சத்தை மட்டும் நிறைவேற்றினால் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஆனால் சாம்பல்சத்தில் 880 கிராம் பள்ளம் விழும், காய்ப்பு குறையும். இரண்டில் எது நடந்தாலும் விவசாயிக்கு நட்டம். முதலாவது நடந்தால் குளத்துக்கும் நட்டம்: மிஞ்சிய மணிச்சத்து மண்ணோடு போய்ச் சேரும் குளத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் அடைக்கும்.

லாரியில் வந்திறங்கும் கோழி எருவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் மணிச்சத்து சுமார் 2.5 சதவீதம். மரத்துக்கு 10 கிலோ போட்டால் 250 கிராம் போய்விட்டது. சூப்பர் பாஸ்பேட் 2 கிலோவைப் பெருமளவு குறைத்துவிடலாம். ‘இயற்கை எருதானே’ என்று கணக்கில் எடுக்காமல் விடுவது பரவலான தவறு. எருவிலிருந்து வந்த மணிச்சத்தும் ஓடைக்குப் போகும்போது அதே மணிச்சத்துதான்.

நேரமும் கணக்குதான். மழை கொட்டும் வாரத்தில் வைத்த உரம் மரத்துக்கு இல்லை. கேரளத்தில் மானாவாரித் தென்னைக்கு மூன்றில் ஒரு பங்கை தென்மேற்குப் பருவத் தொடக்கத்திலும், மீதியை வடகிழக்குப் பருவத்துக்கு முந்தைய இடைவெளியிலும் வைக்கச் சொல்கிறார்கள். மேற்குக் குமரியின் மழைப் போக்குக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

எண்ணத் தெரிந்தவர்தான் பூச்சி ஆலோசகர்

பொருளாதார சேத நிலை என்றால், இதற்கு மேல் விட்டால் இழப்பு தெளிப்புச் செலவைத் தாண்டும் என்ற எல்லை. நெல் புகையானுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் எல்லை நுணுக்கமானது: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு (ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் தூர்களின் தொகுப்புக்கு) ஒரு சிலந்தி இருக்கும் வயலில் ஒரு தூருக்கு 2. அதாவது சிலந்தி இருந்தால் இரண்டு மடங்கு பூச்சியை வயல் தாங்கும்.

இதைச் சொல்ல வேண்டுமானால் வயலுக்குள் இறங்க வேண்டும். குத்தைச் சாய்த்து அடித்தண்டில் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். குறுக்காக நடந்து பல குத்துகளில் எண்ண வேண்டும், சிலந்தியையும் கூடவே. கடையில் உட்கார்ந்து இந்த எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டியிருந்தால் வரிசை முக்கியம்: முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். தெளித்துவிட்டு வடித்தால் மருந்து அடுத்தவர் வயலுக்கும் குளத்துக்கும் போகும். வடிப்பது ஒன்றுதான், முன்பின் மாறினால் விளைவு வேறு.

தென்னையில் இதற்கு நேர் உதாரணம் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி. ஓலை கரும்பூசணம் பிடித்துக் கறுக்கும்போது பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி அதைக் கட்டுப்படுத்துகிறது. ரசாயனம் தெளித்தால் முதலில் சாவது குளவி. மஞ்சள் ஒட்டும் பொறி, தண்ணீரை ஓலையின் அடிப்புறம் பீய்ச்சியடிப்பது, கரும்பூசணத்துக்கு மைதா பசைக்கரைசல், இவைதான் பரிந்துரை. மரச்சீனியில் 2020-இல் வந்த மாவுப்பூச்சிக்கும் ஒட்டுண்ணிக் குளவிதான் தீர்வு. வெளிநாட்டிலிருந்து தருவித்து 2022-இல் தமிழ்நாட்டில் விடப்பட்டது. “ஒன்றும் அடிக்க வேண்டாம், காரணம் இது” என்று சொல்லத் தெரிவது மருந்து சொல்வதைவிடக் கூடுதல் படிப்பு கேட்கிறது.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் மூன்றைப் பார்க்க வேண்டும்.

1. சிட்டை, அதாவது மருந்தோடு வரும் விவரச்சீட்டு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு என்று பதிவான அளவு அதில் இருக்கும். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாளும் இருக்கும். நச்சுத் தன்மையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நிறம் காட்டும்.

2. செயல்படும் விதம். இமிடாகுளோபிரிட்டில் கேட்கவில்லை என்று தயாமீத்தாக்சம் வாங்கினால் பெயரும் பாட்டிலும்தான் மாறின. இரண்டும் ஒரே குழு. பூச்சி எதிர்ப்புத் திறன் பெறுவது நிற்காது.

3. நிலம். மணலா, சரிவா, பக்கத்தில் கிணறா, குளமா, தேனீப் பெட்டியா.

மூன்றாவதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டங்களில் வருடக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். ஓடையும் கிணறும் வீடும் கலந்த சரிவு நிலம் அது, நம் மேற்குக் குமரியைப் போலவே. 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தைத் தடை செய்தபோது அங்கே ஒரு தலைமுறை பாதிக்கப்பட்டுவிட்டிருந்தது.

இப்போது இருக்கும் பயிற்சிகள்

- இடுபொருள் விற்பனையாளருக்கான வேளாண் விரிவாக்கப் பட்டயம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கியது. 48 வாரம், வாரம் ஒரு நாள். 40 வகுப்பு, 8 களப் பயணம்.
- 12 வாரச் சான்றிதழ். 2015-இல் பூச்சிக்கொல்லி விதிகளைத் திருத்தி விற்பனை உரிமத்துக்குக் கல்வித் தகுதி வைத்தார்கள். அந்தப் படிப்பு இல்லாமல் ஏற்கெனவே கடை நடத்தியவர்களுக்காக வந்தது இது.
- 15 நாள் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துப் பயிற்சி. உர விற்பனையாளருக்கு.
- வேளாண் மருந்தகம், வேளாண் தொழில் மையத் திட்டம். 2002 முதல். வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் பயிற்சியும் வங்கிக் கடனும்.
- கிருஷி சகி. 56 நாள். முதல் கட்டத்தில் சேர்ந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இவர் அலுவலருக்குப் பதிலாள் அல்ல. அலுவலருக்கும் வயலுக்கும் இடையில் நிற்கும் துணை ஆலோசகர்.

பட்டியல் குறைவில்லை. ஆனால் உரத்துக்கு 15 நாள் ஓரிடத்தில், மருந்துக்கு 12 வாரம் இன்னோரிடத்தில் என்று பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன நெல் வயல் சங்கிலி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. தண்ணீர் போகும் வழி எதிலும் மையப் பாடம் இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கடைக்காரரின் ஆலோசனை இலவசம், வருமானம் விற்பனையில். படிப்பு இந்த முரணைத் தீர்க்காது. இதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது, கடை வாடகையை யார் கொடுப்பது? ஆலோசனைக்கு என்று தனியாக ஒரு தொகை கிடைக்க வழி வேண்டும். பரிந்துரையை எழுதித் தந்தால், அதிலும் ‘தெளிக்க வேண்டாம்’ என்று எழுதினாலும் அதே தொகை என்றால், நிலைமை மாறத் தொடங்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைத் தொடங்க ஏற்ற இடம் என்று நினைக்கிறேன். கிருஷி சகிகளுக்கு விற்பனை இலக்கு ஏதும் இல்லை என்பதும் ஒரு பலம். வயலில் எண்ணிக்கை எடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தால் கடைக்காரருக்கும் அலுவலருக்கும் நம்பத் தகுந்த தகவல் கிடைக்கும்.

குமரிக்கு ஏற்ற பயிற்சி எப்படி இருக்கும்?

உழவர் வயல்வெளிப் பள்ளியின் முறை இதற்குப் பொருந்தும். ஒரு பயிர்க்காலம் முழுக்க வாரம் ஒரு முறை ஒரே வயலில் கூடுவார்கள். பயிரை அளந்து, பூச்சியையும் எதிரியையும் எண்ணி, மண்ணின் ஈரத்தையும் வானிலையையும் குறித்து, ஒரு தாளில் படமாக வரைந்து, அந்த வாரம் என்ன செய்யலாம் என்று விவாதித்து முடிவெடுப்பார்கள். இதற்கு வேளாண் சூழல் ஆய்வு என்று பெயர். அந்தத் தாளில் வயலோடு நிறுத்தாமல் வடிமடையையும், அது போய்ச் சேரும் ஓடையையும் குளத்தையும் வரையச் சொன்னால் அதுவே நிலப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வரைபடம்.

புதிய திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டயப் படிப்பில் ஏற்கெனவே இருக்கும் 8 களப் பயணங்களைக் குமரி நிலத்துக்கு ஏற்ப இப்படிப் பிரிக்கலாம்.

1. கன்னிப்பூ வயலில் இரண்டு முறை: ஒன்று மேலுரம் இடும்போது, இன்னொன்று கதிர் வரும்போது. ஒரே வயல் என்பது கட்டாயம்.
2. மழைக்கு முன் ஒரு ரப்பர்ச் சரிவில்: அரிப்பு, மூடுபயிர், தாமிரத் தெளிப்பு.
3. தளிர் விடும் மாதத்தில் அதே சரிவில்: தேனீப் பெட்டி வைத்திருப்பவரோடு.
4. வீட்டுக் கிணறு உள்ள ஒரு கலப்பு விளையில்: தென்னைக்கும் வாழைக்கும் உரக் கணக்கு, எருவையும் சேர்த்து.
5. கடற்கரையோர மணல் தோப்பில்: தவணை பிரிப்பது.
6. மண் ஆய்வகத்தில்: மாதிரி தயாரிப்பது முதல் அட்டை வரை.
7. வேம்பனூர் அல்லது தேரூர்க் குளத்தின் வரத்துக்காலில்: நீர் எந்தெந்த வயலைத் தொட்டு வருகிறது என்று வரைபடம் போடுவது.

தேர்வும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பூச்சியின் அறிவியல் பெயரைக் கேட்கும் வினாத்தாளுக்குப் பதிலாக, ஓர் உண்மையான 50 சென்ட் நிலத்தைக் காட்டி, மண் அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு வருடத்துக்கான உரக் கணக்கு, கண்காணிப்பு நாட்கள், எந்த மருந்து இந்த நிலத்தில் கூடாது, காரணம் என்ன என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொல்லலாம். எழுதியதை அந்த நிலத்துக்காரரிடமே படித்துக்காட்ட வைத்து, அவர் கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் கொடுக்கலாம்.